ஏற்றத்தில் ஏறும் பழைய ஜீப்பும் காலடியில் வரும் சூடும்

ஜீப், எஞ்சின், புகைக்குழாய் என்று கண்டதும் “இது ஆம்பிளைகளின் விடயம்” என்று பக்கத்தைப் புரட்டப் போகும் சகோதரிகள் தயவுசெய்து சற்றுப் பொறுங்கள். அந்த ஜீப்பின் பின்னாசனத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நாங்கள்தான். கணவனை இழந்த பின்பு அவர் விட்டுச்சென்ற பழைய வண்டியை வாடகைக்கு விட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுப்பங்கரையில் எந்தப் பக்கத்தால் அனல் அடிக்கிறது, எந்தப் பக்கத்தால் புகை திரும்புகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒருத்திக்கு ஜீப்பின் சூட்டைப் புரிந்துகொள்வது ஒரு பெரிய காரியம் அல்ல.

இதைப்பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போரைக் கண்ட பெண்களில் பலருக்குப் பழைய இராணுவ வாகனத்தின் இரைச்சலும் புகை மணமும் இன்றைக்கும் நெஞ்சைப் படபடக்க வைக்கும். ஆகவே அப்படியான வண்டியில் ஏறி அரைமணி நேரத்தில் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்று ஒருத்தி சொன்னால், “பழைய நினைவு, பயம், மனக்குழப்பம்” என்று சுற்றியிருப்பவர்கள் முடிவுகட்டி விடுகிறார்கள். மலையகத்தில் என்றால் “பித்தம்” என்று சொல்லி ஒரு தேசிக்காயைக் கையில் கொடுப்பார்கள். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எல்லா வேளையிலும் அல்ல. காலடித் தகடு சுடும் ஒரு வண்டியில் வரும் தலைச்சுற்றுக்கு மனதோடு சம்பந்தமே இல்லாத ஒரு காரணம் இருக்கக்கூடும்.

ரம்புக்கனையை ரயிலில் கண்டி போனவர்கள் எல்லோரும் அறிவார்கள். கொழும்பிலிருந்து கண்டி வரையிலான ரயில்பாதை 1867 இல் திறக்கப்பட்டது. சமதரையாக வந்த பாதை ரம்புக்கனையைத் தாண்டியதும் கடுகண்ணாவை ஏற்றத்தைத் தொடங்குகிறது. நாற்பத்தைந்து அடி முன்னால் போனால் ஓரடி மேலே ஏறும் சரிவு அது. நீராவி எஞ்சின் காலத்தில் ரயிலைப் பின்னாலிருந்து தள்ளிக்கொடுப்பதற்கு இங்கே இன்னோர் எஞ்சினைப் பூட்டுவார்கள். ரயிலுக்கு நாற்பத்தைந்துக்கு ஒன்று என்பதே பெரிய ஏற்றம். கேகாலை மாவட்டத்தின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களுக்குள் ஏறும் கல்லும் கிடங்குமான வீதிகளோ அதைவிடப் பல மடங்கு செங்குத்தானவை. பஸ் போகாத அந்த வீதிகளில்தான் நான்கு சில்லும் இழுக்கும் பழைய ஜீப்புகளுக்கு இன்றைக்கும் மதிப்பு இருக்கிறது. இந்தச் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து 1977 இலும் 1983 இலும் அடித்து விரட்டப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய், அங்கே போருக்குள்ளும் அகப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ. ஆகவே இந்த ஏற்றங்களை நமது வாசகிகளில் பலருக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

ஏற்றத்தை ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்றால், வண்டிக்குள் சூடு ஏறுவது ஏற்றத்தில்தான். பெற்றோல் எஞ்சினில் எரியும் எண்ணெயின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே சில்லைச் சுழற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு ரேடியேட்டர் தண்ணீரோடு போகிறது. மிகுதி, சூடான புகையாகப் புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் ‘மெனிபோல்ட்’ என்ற வார்ப்பிரும்புப் பகுதியில் அந்தப் புகையின் வெப்பம் 400 பாகை செல்சியசுக்கு மேலே போகும். பாரத்தோடு ஏறும்போது 700 பாகையையும் எட்டும். சமதரையில் வேகமாக ஓடினால் காற்று வந்து குழாயைக் குளிரச் செய்யும். ஏற்றத்தில் எஞ்சின் முழுப்பலத்தோடு உறுமும், வண்டியோ நடைவேகத்தில் ஊரும். காற்றும் இல்லை, சூடும் அதிகம். தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு விசிறியை நிறுத்தினது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டிகள் எங்கிருந்து வந்தவை?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் வில்லிஸ், போர்ட் ஆகிய இரண்டு நிறுவனங்களும் 1941 முதல் 1945 வரை 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. 1944 இல் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தபோது இந்த மலைநாடும் இராணுவ வண்டிகளைக் கண்டது. போர் முடிந்ததும் பல நாடுகளில் மிச்ச ஜீப்புகள் மலிவாக விலைப்பட்டன. பிலிப்பைன்ஸ் மக்கள் அவற்றை நீட்டி, கூரை போட்டு ‘ஜீப்னி’ என்ற பயணிகள் வண்டியாகவே ஆக்கிவிட்டார்கள். இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைப் பொருத்தத் தொடங்கியது. இங்கிலாந்தில் அதைப் பார்த்துத்தான் 1948 இல் லேண்ட் ரோவர் பிறந்தது. போர் முடிந்த காலத்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு இருந்தபடியால் அதன் உடம்பை அலுமினியத்தில் செய்தார்கள். மலையகத்தில் துரைமாரின் வண்டி என்றால் கண்முன்னே வருவது அதுதான்.

வடக்கு கிழக்கில் இருப்பவர்கள் வேறு பெயர்களையும் அறிவார்கள். 1987 இலிருந்து 1990 வரை இந்திய அமைதிப்படை இருந்த காலத்தில் வந்த ‘ஜொங்கா’ வண்டி, ஜபல்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் பெயரெழுத்துக்களைச் சேர்த்து வைத்த பெயர். அதன் மூலம் ஜப்பானிய நிசான் பட்ரோல். இலங்கை இராணுவத்திடம் இருந்த பிரித்தானியக் கவச வண்டியான ‘சரசென்’ இன்னொன்று. எஞ்சின் முன்னால், ஆட்கள் பின்னால், சுற்றிவர மூடிய இரும்பு. வெப்ப நாடுகளில் அதற்குள் இருப்பது அவ்வளவு கொடுமை என்றபடியால், ரேடியேட்டருக்குள் காற்றுப் போகும் திசையையே மாற்றி, எஞ்சினின் சூடு ஆட்கள் பக்கம் வராமல் முன்னால் தள்ளப்படும்படி ஒரு தனி வகையைச் செய்யவேண்டி வந்தது. இலட்சக்கணக்கில் செலவழித்து வண்டி செய்தவர்களுக்கே சூட்டைத் திசைதிருப்புவது ஒரு தலையிடியாக இருந்திருக்கிறது.

ஆனால் ஜீப்பின் கதை சரசெனுக்கு நேர்மாறானது. போர்க்கால ஜீப்புக்குக் கதவே கிடையாது. மேலே ஒரு கன்வஸ் கூரை, முன்னால் மடித்துப் படுக்க வைக்கக்கூடிய கண்ணாடி, அவ்வளவுதான். அடியில் எவ்வளவு சூடு வந்தாலும் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அதன் புகைக்குழாய்கூட வண்டியின் பின்முனை வரை போவதில்லை. பக்கவாட்டில், பின்சில்லுக்கு முன்பாகவே முடிந்துவிடும். திறந்த வண்டிக்கு அது போதும். நம்மவர்கள் என்ன செய்தோம்? மழைக்கும் குளிருக்கும் தகரக் கூரை போட்டோம், கதவு வைத்தோம், பின்னால் எதிரெதிரே இரண்டு வாங்கு போட்டு, பக்கத்துக்குத் திரைச்சீலையும் தொங்கவிட்டோம். அறையில்லாத வண்டிக்குள் ஓர் அறையைக் கட்டினோம். புகைக்குழாய் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. திரைக்குக் கீழே விடும் புகை திரைக்குள்ளே ஏறுகிறது.

அதோடு முடியவில்லை. பழைய பெற்றோல் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது என்று கழற்றிவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பூட்டுவது நாடெங்கும் நடக்கிற வேலை. வேறொரு வண்டிக்குச் செய்த எஞ்சின் அது. மெனிபோல்ட் எந்தப் பக்கம் வரும், குழாய் எதன் அருகால் வளையும் என்பதெல்லாம் அன்றைக்குக் கராஜில் இருந்த இடத்தையும் இரும்பையும் பொறுத்த விடயம். சாரதியின் கால்மாட்டிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் குழாய் போகும் வண்டிகளும் உண்டு. ஜீப்பின் பெற்றோல் தாங்கி சாரதியின் ஆசனத்துக்குக் கீழேதான் இருக்கிறது, பழைய லேண்ட் ரோவரிலும் ஆசனத்தின் கீழேதான் என்பதை இந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலடி சுடுவது வெறும் வசதிக்குறைவு அல்ல.

சூடு வரும் வழியில் வேறொன்றும் வரும்

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு விடயம் உங்கள் நினைவில் நிற்குமானால் அது இதுவாக இருக்கட்டும். தகட்டில் ஓட்டை இருந்து அதனூடாக அனல் வருகிறது என்றால், அதே ஓட்டையால் புகையும் வரலாம். புகையில் உள்ள காபனோரொட்சைட்டு என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. “புகை மணக்கவில்லையே” என்று நிம்மதிப்படவும் முடியாது. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ஒட்சிசனுக்கு இடமில்லை. முதலில் தலையிடி, பிறகு தலைச்சுற்று, குமட்டல், கைகால் சோர்வு, நித்திரை தூங்கிவிழுதல். வாயு கூடினால் மயக்கம், மரணம். பாருங்கள், முதல் நான்கும் வளைவு வீதியில் வாந்தி எடுப்பவருக்கும் வரும், பயந்தவருக்கும் வரும், காலையில் வெறும் தேநீரோடு புறப்பட்டவருக்கும் வரும். அதனால்தான் யாரும் வண்டியைச் சந்தேகிப்பதில்லை.

பிரித்தறிய வழி இல்லாமல் இல்லை. ஒரே வண்டியில் ஒரே பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பேருக்கும் தலையிடிக்கிறதா? இறங்கி வெளிக்காற்றில் சிறிது நேரம் இருந்தால் குறைகிறதா? வேறு வாகனத்தில் அதே வீதியால் போகும்போது வருவதில்லையா? திரையை இறக்கிவிட்ட மழைநாளில் அதிகமா? மடியில் இருந்த பிள்ளை வழமைக்கு மாறாக ஆழ்ந்து தூங்கிவிட்டதா? இவற்றில் இரண்டுக்கு “ஓம்” என்று பதில் வந்தாலே வண்டியைப் பார்க்க வேண்டும், உங்கள் மனதை அல்ல. பழைய நினைவால் வரும் படபடப்பு வண்டியின் சத்தத்தைக் கேட்டவுடனேயே, ஏற முன்பே வந்துவிடுவது வழக்கம். வாயுவோ மெல்ல மெல்ல ஏறும். இரண்டும் ஒன்றாக இருக்கும் பெண்களும் உண்டு, அவர்களுடைய பேச்சை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு இது இரட்டை ஆபத்து. தாயின் இரத்தத்தில் ஏறும் வாயு வயிற்றிலுள்ள குழந்தைக்கும் போகிறது. குழந்தையின் இரத்தத்தில் அது தாயைவிடக் கூடுதலாகச் சேர்ந்து, தாயைவிட மெதுவாகவே வெளியேறும். தாய் தேறிவிட்டாள் என்பதைக்கொண்டு குழந்தையும் தேறிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பிரசவ வலியோடு ஒருத்தியைத் தோட்டத்து வண்டியில் ஏற்றி, குளிரும் என்று திரையெல்லாம் இழுத்து மூடி, ஒரு மணித்தியாலம் ஏற்றியிறக்கிக் கொண்டுபோவதை இந்தக் கண்ணோடு ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

டீசல் எஞ்சின் என்றால் இந்த வாயு பெற்றோலைவிடக் குறைவு. அதற்காகச் சந்தோஷப்பட முடியாது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது.

யாழ்ப்பாணத்தில் 1990 க்குப் பின்னர் பொருளாதாரத் தடையில் வாழ்ந்தவர்களுக்கு மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை மறக்க முடியாது. சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சம் விட்டு எஞ்சினை முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கண் எரியும் அந்த வெள்ளைப் புகையும் நினைவிருக்கும். பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக எரியாது, எஞ்சின் தட்டும். தட்டாமலிருக்கத் தீப்பொறி விழும் நேரத்தைப் பிந்தச் செய்வார்கள். பிந்தி எரியும் நெருப்பு எஞ்சினுக்குள் முடியாமல் குழாய்க்குள்ளும் தொடரும், குழாய் இன்னும் சுடும். தடைக்காலம் போனாலும் பாடம் போகவில்லை. இன்றைக்கும் ஒரு பழைய ஜீப்பின் மெனிபோல்ட் அளவுக்கு மிஞ்சிச் சுடுகிறது என்றால் மெக்கானிக் முதலில் பார்க்க வேண்டியது தீப்பொறியின் நேரத்தையும் கார்பரேட்டரின் கலவையையும்தான். தகடு அடிப்பது அதற்குப் பிறகு.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது

இதற்கு மெக்கானிக் தேவையில்லை. ஒரு டோர்ச் லைட் போதும். இருட்டிய பின்பு எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, வண்டிக்குள் இருக்கும் பாய், சாக்கு, இறப்பர் விரிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒருவர் வெளியே நின்று டோர்ச்சை வண்டியின் அடியிலும், போனட்டைத் திறந்து எஞ்சின் பக்கத்திலும் மெதுவாகக் காட்டட்டும். நீங்கள் உள்ளே இருந்து பாருங்கள். வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் புகைக்கும் வாசல். கிளச், பிரேக் மிதிகள் தகட்டைத் துளைத்து வரும் இடம், ஸ்டியரிங் தண்டு இறங்கும் இடம், கியர் தடியைச் சுற்றியுள்ள இறப்பர் மூடி, வயர் போகும் துளைகள், யாரோ கழற்றிப் பூட்டாமல் விட்ட போல்ட் துளைகள் என்று வானத்து வெள்ளி மாதிரித் தெரியும். சோக் கட்டியால் ஒவ்வொன்றையும் வட்டமிட்டு விடுங்கள். ஊதுபத்தி, மெழுகுதிரி, தீக்குச்சி கொண்டு பார்க்க வேண்டாம். பெற்றோல் தாங்கி ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

உள்ளே வரும் வாசல்கள் இவை. வெளியே விடும் ஓட்டையையும் பார்க்க வேண்டும். குழாயும் மெனிபோல்டும் சேரும் இடத்தில் உள்ள ‘கெஸ்கட்’ எரிந்துபோனால், காலையில் குளிர்ந்த எஞ்சினை முடுக்கும்போது டக் டக் என்று ஒரு சத்தம் வரும். சூடேற இரும்பு விரிந்து சத்தம் அடங்கிவிடும். சத்தம் அடங்கியது என்பதற்காகப் பழுது மாறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. பொருத்துகளைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அதுதான் அடையாளம், அடுப்புச் சுவரில் வெடிப்பு இருந்தால் அந்தக் கோடு கறுப்பதைப் போல. சைலன்சர் அடிப்பக்கத்தில் துருப்பிடித்து உக்கும். நம்முடைய மழைநாட்டில் அது சீக்கிரமாகவே நடக்கும்.

சாக்கும் தும்பும் உதவாது

காலடி சுடுகிறது என்றால் நாம் முதலில் செய்வது ஒரு சாக்கை மடித்துப் போடுவது. அல்லது தும்புப் பாய். சூடு தெரியாமல் போகும், அது உண்மை. ஆனால் எஞ்சின் ஒயில் ஊறிய சாக்குக்குக் கீழே நூற்றுக்கணக்கான பாகை வெப்பம் இருக்கிறது. அது நெருப்புக்கு விறகு அடுக்கி வைப்பது. பொலித்தீன், ஸ்பொன்ஞ், பழைய மெத்தைத் துண்டு ஆகியவை இன்னும் மோசம். பழைய வண்டிகளில் குழாயைச் சுற்றி நரைத்த துணி போல ஒன்று சுற்றியிருந்தால் அதைக் கையால் உரிக்கவோ தட்டித் தூசு பறக்கவிடவோ வேண்டாம். அக்காலத்தில் இதற்குக் கல்நார் என்ற அஸ்பெஸ்டஸ் துணியைப் பயன்படுத்தினார்கள். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்து உயிரை வாங்கும்.

செய்ய வேண்டிய வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு, அந்த ஒழுங்கு மாறக்கூடாது. முதலில் குழாயின் ஓட்டையை அடைக்க வேண்டும். கெஸ்கட்டை மாற்றி, உக்கின துண்டை வெட்டிப் புதுக்குழாய் ஒட்ட வேண்டும். பால்மா டின் தகட்டைச் சுற்றிக் கிளிப் போடுவது ஆஸ்பத்திரி போய்வரும் அளவுக்குத் தாங்கும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். இரண்டாவது, குழாயின் நுனியை ஆட்கள் இருக்கும் அறையின் விளிம்பைத் தாண்டி வெளியே கொண்டுபோக வேண்டும். கூரையும் திரையும் போட்ட ஜீப்புக்குப் பக்கவாட்டுக் குழாய் பொருந்தாது. மூன்றாவதாகத்தான் தகட்டு ஓட்டைகள். பெரியவற்றுக்குத் தகடு வைத்து றிவெட் அடிக்க வேண்டும். மிதிகளுக்கும் கியர் தடிக்கும் புது இறப்பர் மூடி போட வேண்டும். வயர் போகும் துளைக்கு இறப்பர் வளையம். சிறிய இடுக்குகளுக்குச் சூடு தாங்கும் சிலிக்கன் பசை கடைகளில் கிடைக்கிறது.

இவ்வளவும் முடிந்த பின்பும் சுடுகிறது என்றால் அப்போது தடுப்புத் தகடு. இதில்தான் பலர் தவறு விடுகிறார்கள். அலுமினியத் தகட்டைத் தரைத் தகட்டோடு ஒட்டி அடித்துவிட்டால் பயன் இல்லை, சூடு இரும்பிலிருந்து இரும்புக்குத் தாவுவது போலத் தாவிவிடும். குழாய்க்கும் தரைக்கும் நடுவில் தகடு தொங்க வேண்டும், இரண்டு பக்கமும் ஓர் அங்குலமளவாவது காற்று ஓட இடம் இருக்க வேண்டும், முன்னும் பின்னும் திறந்திருக்க வேண்டும். பளபளப்பான பக்கம் குழாயைப் பார்க்கட்டும். மினுங்கும் அலுமினியம் தன்மேல் விழும் அனலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். சேறு பூசினால் அந்தக் குணம் போய்விடும் என்பதால் இடைக்கிடை கழுவ வேண்டும். மெனிபோல்டின்மேல் நேரே அலுமினியத்தைச் சுற்றக்கூடாது. 660 பாகையில் அது உருகிவிடும். குழாயைச் சுற்றும் கண்ணாடி நார்ப் பட்டி ஒன்றும் விற்கிறார்கள். உலர்ந்த நாட்டுக்கு அது சரி. ரம்புக்கனை, கேகாலை போன்ற மழையிடத்தில் பட்டி தண்ணீரைக் குடித்து வைத்திருந்து உள்ளே குழாயைத் துருப்பிடிக்க வைக்கும். வெளியே அழகாகத் தெரியும், உள்ளே குழாய் இராது. எங்களைக் கேட்டால் பட்டி வேண்டாம், தகடு போதும்.

யன்னல் விடயத்தில் ஒரு சூட்சுமம்

புகை அடிக்கிறது என்று பின்பக்கத் திரையை மட்டும் தூக்கிவிடுவார்கள். அது புகையை வரவேற்பது. ஓடும் வண்டியின் பின்னால் காற்று சுழன்று ஓர் வெற்றிடம் மாதிரி உண்டாகும். முன்பக்கம் அடைத்திருக்கப் பின்பக்கம் திறந்தால் வெளியே விட்ட புகையை வண்டி தானே உள்ளிழுத்துக்கொள்ளும். முன்பக்கத்தைத் திறந்தால் புதுக்காற்று முன்னால் வந்து பின்னால் தள்ளும். போர்க்கால ஜீப்பில் முன்கண்ணாடியின் கீழ்விளிம்பை வெளியே தள்ளித் திறக்கலாம். பழைய லேண்ட் ரோவர்களில் கண்ணாடிக்குக் கீழே இரண்டு சிறு கதவுகள் இருக்கும். இறப்பர் தேய்ந்து மழை ஒழுகுகிறது என்று அவற்றை டேப் ஒட்டி மூடி வைத்திருப்பதையே அனேகமாகக் காண்கிறோம். புது இறப்பர் வாங்கிப் போட்டுவிட்டு அந்தக் கதவுகளைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். கர்ப்பிணியும் கைக்குழந்தைக்காரியும் முன்னால், திறந்த யன்னலோரமாக இருப்பது நல்லது. காலை நேரடியாகத் தகட்டில் வைக்காமல் ஒரு பலகையில் வைத்துக்கொள்ளலாம்.

நிற்கும் வண்டியில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் கூடாத பழக்கம். காலையில் சோக் இழுத்து முடுக்கிய பெற்றோல் எஞ்சின் விடும் புகையில் இந்த வாயு மிக அதிகம், அள்ளிக்கொண்டு போகக் காற்றும் இல்லை. 2022 இன் எரிபொருள் வரிசைகளை யாரும் மறந்திருக்க முடியாது. ரம்புக்கனையிலேயே அவ்வருடம் ஏப்ரல் 19 ஆந் திகதி பெற்றோல், டீசல் கேட்டு ரயில்பாதையை மறித்து நின்ற மக்கள்மீது பொலிஸார் சுட்டதில் ஓர் உயிர் போனது. அந்த நாட்களில் வரிசையிலேயே வண்டிக்குள் படுத்துறங்கியவர்கள் ஏராளம். எஞ்சின் ஓடும் வண்டிக்குள், யன்னல் மூடி, யாரும் உறங்கக் கூடாது. வீட்டுக்குள், கடைக்குள் ஜெனரேட்டர் வைத்து ஓட்டுவதும், மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைத்துக் குளிர் காய்வதும் இதே வாயுவைத்தான் தரும்.

ஒருவர் வண்டியில் மயங்கினால் எஞ்சினை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, திறந்த வெளியில் படுக்க வையுங்கள். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்கலாம். வைத்தியசாலையில் “வண்டிக்குள் புகை வந்தது” என்ற வார்த்தையைக் கட்டாயம் சொல்லுங்கள். கொரோனாக் காலத்தில் எல்லோருக்கும் பழக்கமான, விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி இந்த இடத்தில் ஏமாற்றும். ஈமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஒட்சிசனா காபனோரொட்சைட்டா என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது, 98 என்று காட்டிக்கொண்டிருக்கும். இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். சாதாரண காற்றைச் சுவாசித்தால் ஏறிய வாயுவில் பாதி வெளியேறவே நான்கைந்து மணித்தியாலம் எடுக்கும். முகமூடி வழியே ஒட்சிசன் கொடுத்தால் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் அது நடக்கும்.

வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வாங்கியிருக்கிறோமே என்று வண்டிக்காரர் சொல்லலாம். அந்தப் பரிசோதனை குழாயின் நுனியில் வரும் புகையை அளப்பது. நடுக்குழாயில் ஓட்டை இருக்கிறதா, தரைத் தகட்டால் உள்ளே வருகிறதா என்று அது பார்ப்பதில்லை.

கராஜுக்குப் போகும் பெண்ணை அங்குள்ளவர்கள் சில வேளை பொருட்படுத்துவதில்லை. “சூடு என்றால் பழைய வண்டி அப்படித்தான் அக்கா” என்று அனுப்பிவிடுவார்கள். வெறுமனே சுடுகிறது என்று சொல்லாமல், “காலையில் முடுக்கும்போது டக் டக் சத்தம் கேட்கிறது, மெனிபோல்ட் கெஸ்கட்டைப் பாருங்கள், கிளச் மிதியடியில் வெளிச்சம் தெரிகிறது, குழாயின் நுனி திரைக்கு உள்ளே நிற்கிறது” என்று சோக் கட்டியால் வட்டமிட்ட இடங்களைக் காட்டிச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் காசு கொடுக்க முன்பு, ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓர் ஏற்றத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். மேலே போய் நிறுத்தி, காலடித் தகட்டுக்கு மேலே புறங்கையைப் பிடித்துப் பாருங்கள். தொடாமலே அனல் தெரிந்தால் கையை வைக்க வேண்டாம், 60 பாகை இரும்பே சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். எஞ்சினை நிறுத்திய பின்னர் காற்று இல்லாததால் தரைச் சூடு குறைய முன்பு கொஞ்சம் கூடும். அந்த இரண்டாவது தடவையிலும் தகடு கையைத் தாங்க விட்டால் தடுப்புத் தகடு சரியாகத் தொங்குகிறது. தாங்க விடாவிட்டால் வண்டியைத் திரும்பவும் கிடங்கின்மேல் ஏற்றச் சொல்லி, தகட்டுக்கும் தரைக்கும் நடுவில் ஓர் அங்குலம் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.